விளார் வெட்டும் பருவத்தில் காஷ்மீர்

அக்டோபர் 30, ஸ்ரீநகர்

சினார் மரங்கள் சிவந்து நிற்கும் வாரம் இது. வருகிறவர்கள் எல்லாரும் அவற்றைத்தான் படமெடுக்கிறார்கள். நான் பார்க்க வந்தது வாய்க்கால் ஓரத்திலும் சதுப்பிலும் புதராக நிற்கும் வில்லோவை. காஷ்மீரியில் வீர். கிரிக்கெட் மட்டைக்குப் போகும் வில்லோ பெரிய மரம். புதர் வகைகளை மரமாக விடுவதே இல்லை. ஒரு வருடம் முழுக்க வளர்ந்த விளாரை, அதாவது நீண்ட மெல்லிய குச்சியை, இலையுதிர் காலத்தில் அடியோடு அறுத்து, அவித்து, தோல் உரித்து, கூடை முடைகிறார்கள். அந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் இங்கே எடுக்காது. தங்கியிருக்கும் வீட்டின் வைஃபையை நம்பித்தான் இந்தக் குறிப்புகள் ஏறும்.

பிற்பகலில் ஹவலுக்குப் போனேன். கூடைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ரொட்டிக் கூடை, துணிக் கூடை, பழக்கூடை, குழந்தைத் தொட்டில், நாற்காலி என்று கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். வாசலில் காங்ரிக் குவியல். காங்ரி என்பது உள்ளே மண்சட்டி, அதைச் சுற்றி வில்லோ விளார்ப் பின்னல், தூக்கப் பிடி. சட்டியில் கரியைப் போட்டுச் சாம்பலால் மூடி, பிரன் என்கிற நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கரி கிளற ஒரு சின்னக் கரண்டி கயிற்றில் தொங்கும். சாதாக் காங்ரி 200 ரூபாய் சொன்னார்கள். சாயமேற்றிய விளார், கண்ணாடிச் சில்லு என்று அலங்கரித்தது 1,200.

நான் எதுவும் வாங்கவில்லை. கடைக்காரருக்கு அதில் மனத்தாங்கலும் இல்லை. என் விரல்கள் விறைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் மடியிலிருந்த காங்ரியை எடுத்து நீட்டினார். "முதல்ல கையைச் சூடு பண்ணுங்க, படம் அப்புறம் எடுக்கலாம்." மண்சட்டியின் சூடு பின்னல் வழியாகச் சுடாமல் கசிந்து வந்தது. அவர்தான் ஷாலபுக் போகச் சொன்னார். "இங்க விக்கிறோம், அவ்வளவுதான். செடி இருக்கிற இடம் அது."

அக்டோபர் 31, ஷாலபுக்

காலையில் கந்தூர் என்கிற ரொட்டிக்காரர் கடையில் தந்தூரிலிருந்து எடுத்த கிர்தா ரொட்டியும் நூன் சாயும். உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். முதல் மிடறு விநோதமாகத்தான் இருந்தது. ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டாவது கோப்பை கேட்டேன். மொத்தம் 40 ரூபாய்.

ஷாலபுக், ஸ்ரீநகருக்கு வடக்கே காந்தர்பல் மாவட்டத்தில் இருக்கிறது. பக்கத்துச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சோனாமார்க் பக்கமிருந்து இறங்கி வரும் சிந்த் ஆற்றின் நீர் இங்கே பரந்து நிற்கிறது. (பெரிய சிந்து நதி வேறு, இது ஜீலத்தில் சேரும் ஆறு.) குளிர்காலத்துக்கு ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் வந்து இறங்கும் இடம். தூரத்தில் நாணலுக்கு மேல் ஒரு கூட்டம் எழும்பி அமர்ந்ததைப் பார்த்தேன்.

வயல் வரப்புகளிலும் ஓடைக்கரையிலும் வில்லோப் புதர்கள். சிலது மஞ்சள் பச்சை, சிலது ஊதா கலந்த செம்பழுப்பு. ஊதாத் தண்டு உள்ள ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்தேன். மற்ற வில்லோக்களில் இலைகள் மாறி மாறி வரும். இதில் பல இடங்களில் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றன. சாலிக்ஸ் பர்பூரியா என்ற வில்லோ வகை இப்படித்தான் இருக்கும். ஐரோப்பாவிலும் கூடைக்கென்றே வளர்க்கும் செடி இது. இலை உதிர்ந்த கணுவில் அடுத்த வசந்தத்துக்கான மொட்டு இப்போதே இருக்கிறது. மற்ற மரங்களின் மொட்டை நகத்தால் பிரித்தால் செதில் மேல் செதிலாக வரும். வில்லோவுக்கு ஒரே செதில், தொப்பிபோல முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே வெள்ளைப் பட்டு மயிர். பூங்கொத்து அதற்குள் சுருண்டு கிடக்கிறது.

அறுவடை செய்துகொண்டிருந்த பெரியவரை ஊரில் எல்லாரும் சாச்சா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அரிவாளை மண்ணோடு ஒட்டி வைத்து, ஒரே இழுப்பில் சாய்வாக அறுக்கிறார். தன் உயரத்துக்கு மேலே நிற்கும் விளார் சத்தமில்லாமல் கைக்கு வருகிறது. மிஞ்சுவது அடிக்கட்டை மட்டும். பல வருட வெட்டுத் தழும்புகளோடு அது மடக்கிய முஷ்டிபோலத் தரையில் உட்கார்ந்திருக்கிறது. மார்ச்சில் அதன் எல்லாப் பக்கமிருந்தும் புது விளார் கிளம்பும்.

"வெட்டாம விட்டா என்ன ஆகும் சாச்சா?"

"கிளை விடும், முண்டு விழும், வளையாது. அப்புறம் அடுப்புக்குத்தான்."

கிளை இல்லாத, ஒரே சீரான, வளையும் விளார் வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் தரையோடு அறுத்தாக வேண்டும். இந்தச் செடிக்கு அறுப்புதான் உரம் என்று அங்கே நின்றபோது தோன்றியது.

ஓடைக்குள் இறங்கிக் காட்டினார். கரை மண்ணை விட்டு வெளியே வந்த வேர்கள் தண்ணீருக்குள் சிவப்பு நாராக அடர்ந்து தொங்கின. பிடித்து இழுத்தால் மண்ணை விடவில்லை. வெள்ளம் வந்தால் கரையைப் பிடித்து நிறுத்துவது இந்த நார்தான். தண்ணீர் தேங்கிய சேற்றில் மற்ற செடிகளின் வேர் மூச்சடைத்து அழுகும். வில்லோவின் வேரில் காற்று போக இடைவெளிகள் உண்டு, அதனால் நனைந்த மண்ணிலேயே பிழைத்துக்கொள்கிறது. நடுவதும் சுலபம். ஒரு சாண், ஒன்றரைச் சாண் போத்தை, அதாவது வெட்டிய கிளைத் துண்டை, குளிர் முடியும் நேரத்தில் ஈர மண்ணில் குத்தினால் போதும், வேர் பிடித்துவிடும்.

திரும்பி வரும் வழியில் வரப்பு சரிந்து என் ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. பக்கத்து வயலில் நெல் தாள் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து தோண்டி எடுத்து, ஓடையில் கழுவியும் கொடுத்தார்கள். காசு நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

நவம்பர் 1, ஷாலபுக்

சாச்சாவின் வீட்டில்தான் இரவு தங்கினேன். அவர்கள் விடவில்லை.

முற்றத்தில் பெரிய இரும்புத் தொட்டி, அதன் அடியில் அடுப்பு. கட்டுக் கட்டாக விளாரைத் தொட்டியில் அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடி, இரவெல்லாம் அவிக்கிறார்கள். எரிப்பதும் போன தடவை உரித்துக் காய வைத்த வில்லோத் தோல்தான். முற்றம் முழுக்கக் கசப்பும் புகையும் கலந்த வாசனை. விடிகாலையில் கை நீட்டினால் பனி, தொட்டிப் பக்கம் போனால் ஆவி. அக்கம் பக்கத்துப் பெண்கள் அந்த ஆவியைச் சுற்றியே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உரிப்பதைப் பார்க்க வேண்டும். கவட்டை வடிவக் கருவி ஒன்றைத் தரையில் ஊன்றியிருக்கிறார்கள். அவிந்த விளாரின் அடிமுனையைக் கவட்டையில் வைத்து, அழுத்திப் பிடித்து இழுத்தால் தோல் இரண்டு பக்கமும் பிளந்து சுருண்டு விழுகிறது. திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு. கையில் மிஞ்சுவது வழுவழுப்பான செம்மஞ்சள் குச்சி. அந்த நிறம் சாயம் போட்டு வந்ததல்ல. அவியும்போது தோலிலிருக்கும் துவர்ப்புச் சத்து இறங்கி மரத்தில் ஏறுகிறது. அவிக்காமல் வசந்தத்தில் பச்சையாக உரித்தால் விளார் வெள்ளையாக இருக்கும்.

எனக்கும் ஒரு கவட்டை கொடுத்தார்கள். சாச்சாவின் மருமகள் மூன்று உரிக்கும் நேரத்தில் நான் ஒன்று உரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கட்டைவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் காட்டினார்.

உரித்த தோலில் ஒரு துண்டை மென்று பார்த்தேன். நாக்கின் அடி வரை இறங்கும் கசப்பு, அதில் சாலிசின் என்ற கசப்புச் சத்து இருக்கிறது. 1763-ல் எட்வர்ட் ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் வில்லோப் பட்டைப் பொடியைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1828-ல் மியூனிக்கில் புக்னர் அந்தக் கசப்பைத் தனியே பிரித்தெடுத்தார். 1897-ல் பேயர் நிறுவனத்தில் ஹாஃப்மன் தயாரித்த ஆஸ்பிரின் அந்த வழியில் வந்ததுதான். இந்த வீட்டில் தலைவலிக்கு மாத்திரைதான் போடுகிறார்கள். இலையுள்ள கிளைகள் ஆட்டுக்குப் போகின்றன, ஆடுகள் கசப்பைப் பொருட்படுத்துவதில்லை.

மதியம் சோறு! கிர்தாவையே சாப்பிட்டுவிட்டு ஒரு தட்டு நிறையச் சோற்றைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஹாக் கீரை, கடுகெண்ணெயும் மிளகாயும் சேர்த்துத் தண்ணீராகக் கொதிக்க வைத்தது. கூடவே தயிர்க் குழம்பில் தாமரைத் தண்டு. தட்டு காலியாகும் முன்பே அடுத்த கரண்டி வந்து விழும். தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால்தான் நிறுத்துகிறார்கள்.

நவம்பர் 2, ஷாலபுக்

மழை. காலை எட்டு மணிக்குக் கரண்ட் போனது, மாலை வரை வரவில்லை. வுலர் ஏரிக்குப் போகும் திட்டம் தள்ளிப்போனது. அதனால் நாள் முழுக்கப் பின்னலைப் பார்க்கக் கிடைத்தது.

காய்ந்த விளாரை முதலில் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு அடிப்பகுதி. தடித்த குச்சிகள் நாலைந்தின் நடுவில் கத்தியால் கீறி, அந்தக் கீறலுக்குள் இன்னும் நாலைந்தைக் குறுக்கே செருகினால் ஒரு சிலுவை. அதைச் சுற்றி மெல்லிய விளாரை மேலும் கீழுமாக ஓட்டி, குச்சிகளைச் சக்கர ஆரம்போல விரித்துக்கொண்டே போகிறார்கள். வட்டம் போதுமானதும் பக்கக் குச்சிகளைச் செருகி மேலே மடக்குகிறார்கள். மடக்கும் இடத்தில் சாச்சாவின் மகன் விளாரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கினார். முறுக்காமல் மடக்கினால் நார் வெடித்துவிடுமாம். ஆணி இல்லை, பசை இல்லை. ஒரு விளார் முடிகிற இடத்தில் அடுத்ததின் தடித்த முனையை ஒளித்து வைக்கிறார், எங்கே ஒட்டு என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவர் கையில் 150 ரூபாய்க்குப் போகும் ரொட்டிக் கூடை ஸ்ரீநகர்க் கடையில் 350. வெட்டு, அவிப்பு, உரிப்பு, உலர்த்தல் எல்லாம் இவர்கள் பக்கம். இது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது, அவருக்கு அவ்வளவு கோபம் இல்லை. "கடைக்காரர்தான் பனிக்காலத்துல முன்பணம் தர்றார். அந்த நேரத்துல வேற யார் தருவா?" என்றார். அவருடைய பெரிய கவலை வேறு. வில்லோ நின்ற வரப்புகளில் இப்போது பாப்லர் வைக்கிறார்கள். பாப்லர் சீக்கிரம் மரமாகும், ஒரே தடவை வெட்டி மொத்தமாகப் பணம் பார்க்கலாம். விளார் அப்படியல்ல, வருடா வருடம் ஆள் வேண்டும். படித்த பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை.

ஒரு துணிக் கூடை சொல்லிவிட்டு வந்தேன். 400 ரூபாய். அளவை என் கைமுழத்தாலேயே அளந்துகொண்டார்.

நவம்பர் 4, வுலர்

சுமோ ஜீப்பில் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். இப்போதைக்கு இதை எழுதும் கையைத் தவிர எல்லாம் வலிக்கிறது. வானம் மட்டும் துடைத்துவிட்டதாக இருந்தது. முந்தாநாள் மழை மலைமேல் பனியாக விழுந்திருக்கிறது.

வட்லப் குன்றில் பாபா ஷுகுருதீன் தர்கா இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வுலர் முழுக்கத் தெரியும். பார்த்ததும் ஏரி எங்கே முடிகிறது என்று எனக்குக் குழப்பம். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காடு. எல்லாம் வில்லோ.

ஷாலபுக்கில் அந்தச் செடியை அத்தனை நேசித்துவிட்டு வந்த எனக்கு இது கஷ்டமாக இருந்தது. பள்ளத்தாக்குக்கு விறகு வேண்டும் என்று போன நூற்றாண்டிலேயே ஏரிக்குள் வில்லோ மரங்களை நட ஆரம்பித்தார்கள். ஜீலம் இந்த ஏரிக்குள் நுழைந்து சோபோர் பக்கம் வெளியேறுகிறது, வரும்போது மலை மண்ணைச் சுமந்து வருகிறது. மரங்கள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன, மண் அங்கேயே படிகிறது, தரை உயர்கிறது, உயர்ந்த தரையில் இன்னும் வில்லோ. அப்புறம் புல், மாடு, கடைசியில் வயல். 1911-ல் சுமார் 158 சதுர கிலோமீட்டராக இருந்த ஏரி 2007-ல் சுமார் 87. அந்த ஆண்டு வந்த மேலாண்மைத் திட்டம், ஏரிப் பரப்பில் 27 சதுர கிலோமீட்டர் வில்லோத் தோப்பு என்று கணக்கிட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அகற்றச் சொன்னது. வுலர் 1990-லிருந்தே ராம்சர் இடம்.

கீழே இறங்கி ஒரு படகுக்காரரிடம் பேசினேன். 800 கேட்டார், 600-க்கு ஒத்துக்கொண்டார். தோப்பின் ஓரமாகவே ஓட்டச் சொன்னேன். மரங்கள் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. நீர் ஏறி இறங்கிய கோடு அடிமரத்தில் தெரிகிறது. அந்தக் கோடு வரை, தண்டிலிருந்தே கிளம்பிய வேர்கள் காய்ந்த தாடியாகத் தொங்குகின்றன. அவற்றில் பாலித்தீன் பை, சேறு, செருப்பு என்று எல்லாம் சிக்கியிருந்தது. ஷாலபுக் ஓடையில் கரையைக் காப்பாற்றிய அதே குணம்தான், ஏரியின் நடுவில் ஏரியைத் தின்றுகொண்டிருக்கிறது. குற்றம் செடியின் மேல் இல்லை. ஓரத்தில் நிற்க வேண்டியதைக் கொண்டுபோய் நடுவில் நட்டார்கள், நட்டுவிட்டு ஏரியின் கணக்கைப் பார்க்க மறந்தார்கள். 2014 செப்டம்பரில் ஜீலம் பொங்கி ஸ்ரீநகரை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் வுலர். அதன் கொள்ளளவு ஒவ்வொரு சாணாகக் குறைவது இங்கே படகு வைத்திருப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல.

மரங்களை எடுக்கிறார்கள். லட்சத்துக்கும் மேல் எடுத்தாயிற்று, தூரும் வாரியிருக்கிறார்கள். படகுக்காரர் அந்தப் பக்கம் காட்டியபோது குரலே மாறிவிட்டது. 1992 வெள்ளத்தில் வண்டலுக்கடியில் போன தாமரை, தூர் வாரிய இடத்தில் திரும்பப் பூத்திருக்கிறது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு தாமரைத் தண்டு எடுத்தவராம். இப்போது பருவம் முடிந்து இலைகள் பழுப்பேறிக் கிடந்தன, ஆனாலும் அவற்றின் ஊடே படகை விடாமல் சுற்றித்தான் போனார். ஒரு தண்டுகூட ஒடியவில்லை.

கரையில் நத்ரு மோன்ஜி, தாமரைத் தண்டை மாவில் தோய்த்துப் பொரித்தது. செய்தித்தாளில் சுற்றி 30 ரூபாய். பக்கத்தில் ஒரு அம்மா வுலரில் எடுத்த சிங்காரா என்கிற நீர்க்கொட்டைகளைக் காய வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கைப்பிடி என் பையில் போட்டார், விலை கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

நவம்பர் 5, சங்கம்

பாம்போரில் குங்குமப்பூ வயல்கள் ஊதாவாக விரிந்திருந்தன. நிறுத்த நேரமில்லை.

அனந்த்நாக் போகும் நெடுஞ்சாலையில் சங்கம், ஹல்முல்லா பக்கம் இருபுறமும் மட்டைத் தொழிற்சாலைகள். வெட்டிய வில்லோக் கட்டைகளைக் காற்றுப் போகும்படி கோபுரம் கோபுரமாக அடுக்கி மாதக்கணக்கில் உலர விடுகிறார்கள். ஒரு பட்டறைக்காரர் சாய் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். இவருக்கும் அதே குறை: பாப்லர். மட்டை வில்லோ முற்றப் பல வருடம் பிடிக்கும், பாப்லர் அதற்குள் காசாகிவிடும். மரம் வெளியே போய்விடக் கூடாது என்று 2000-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். வெளியே போவதைத் தடுக்கலாம், உள்ளே யார் நடுவது?

நேற்று ஒரு பக்கம் லட்சக்கணக்கில் பிடுங்குகிறார்கள், இன்று இன்னொரு பக்கம் மரமில்லை என்கிறார்கள். இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில். வுலரில் எடுக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக ஏதாவது ஓடைக்கரையில் சில போத்துகள் குத்தினால் என்ன என்று கேட்டேன். அவர் உடனே, "ஓடைக்கரை யாருடையது என்று முதலில் முடிவாகட்டும்" என்றார். நியாயமான பதில். கரையெல்லாம் கட்டடமாகிக்கொண்டே வருவதை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

நவம்பர் 6, ஸ்ரீநகர்

சாச்சாவின் பேரன் காலையிலேயே கூடையைக் கொண்டுவந்துவிட்டான். ஷாலபுக்கிலிருந்து பேருந்தில், மடியில் வைத்து. நான்கு நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினேன், ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

ஏன் என்றால் கூடையைக் கவிழ்த்து அடிப்பகுதியைக் காட்டினான். மூன்றாவது சுற்றில் ஒரு விளாரில் மயிரிழைக் கீறல். அவன் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராத்திரி முடித்த பிறகு அவன் அப்பா பார்த்திருக்கிறார், திரும்பப் பிரிக்க நேரமில்லை. "கூடை நிக்கும். ஆனா இந்த இடம் முதல்ல போகும். அதுக்கு முழு விலை வாங்கக் கூடாதுன்னு அப்பா சொன்னார்."

எவ்வளவு சொல்லியும் அந்த நூறை வாங்கவில்லை. பேருந்துக் கட்டணமாவது வைத்துக்கொள் என்றேன், அதற்கும் மறுத்துவிட்டான். சூடாக இரண்டு கிர்தா வாங்கிக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டான். பிப்ரவரி கடைசியில் போத்து நடுவார்களாம், பாப்லர் வெட்டிய வரப்பு ஒன்றை அவன் தாத்தா இந்த வருடம் வில்லோவுக்கே விட்டிருக்கிறார்.